ஏழு ஒன்றுகளும் ஒரு குழாயும்

நீள வகுத்தலைச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் போட்டு முட்டி தேய்ந்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? கையைத் தூக்க வேண்டாம், நம் வயதில் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும். மனதுக்குள் தூக்கினால் போதும். எனக்கு முட்டி வலிக்கும்போதெல்லாம் டாக்டர் வயசாகிவிட்டது என்கிறார். நான் பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று என்கிறேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதுகிறார். அவரிடம் சொல்லாத கதையை உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஓசூரில் தொழிற்பேட்டை வளர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் இருந்தது ஒரு லைன் வீட்டில். ஒரே கூரை, வரிசையாகக் கதவுகள். ஒரு கதவுக்குள் தெலுங்கில் சண்டை, அடுத்த கதவுக்குள் கன்னடத்தில் சமாதானம், எங்கள் கதவுக்குள் ஊத்தங்கரைத் தமிழில் இரண்டும். விடிகாலையில் அடுத்த வீட்டு ராகிக்களி கிண்டும் வாசனை சுவரைத் தாண்டி வரும். ஐப்பசி பிறந்துவிட்டால் பனியில் எதிர்ச்சாரி தெரியாது. குல்லாய் போட்ட ஆண்கள் சைக்கிளில் கம்பெனிச் சங்குக்கு முன்னால் பறப்பார்கள்.

அப்பா ஒரு குழாய்க் கம்பெனியில் இன்ஸ்பெக்டர். போலீஸ் இல்லை. செய்த பொருள் சரியா தப்பா என்று பார்த்து ஓக்கே போடுகிற இன்ஸ்பெக்டர். பித்தளைக் குழாய்கள் அங்கே கடைசலாகி, முலாம் பூசி, நாடெங்கும் போயின. அவர் சட்டையை அம்மா உதறினால் பித்தளைச் சுருள்கள் பொன்னாகக் கொட்டும். வெறுங்காலில் மிதித்தால் மட்டும் அது பொன் இல்லை என்று தெரியும். எண்ணெய் வாசனை அவர் மேல் தீபாவளிக் குளியலுக்கும் போனதில்லை.

இதில் ஒரு கொடுமை உண்டு. குழாய்க் கம்பெனி இன்ஸ்பெக்டரின் வீட்டில் குழாய் கிடையாது. தெருக்கோடியில் ஒரு பொதுக் குழாய். அதில் தண்ணீர் வருவதற்கு முன்பே குடங்கள் வரிசையில் நிற்கும். அம்மாவின் வலது மணிக்கட்டு எப்போதும் கொஞ்சம் வீங்கியே இருக்கும். அது அவள் கையின் அமைப்பு என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

"ஊரு பூராவும் குழாய் மாட்டறீங்க. எங்கூட்டுல மாட்டறதுக்கு ஒரு செவுரு இல்ல" என்பாள் அம்மா.

"குவார்ட்டர்ஸ் கெடைக்கட்டும் இரும்மே" என்பார் அப்பா.

கம்பெனி குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு உள்ளேயே குழாய். சமையலறையில் ஒன்று, பின்கட்டில் ஒன்று. அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தவள். திறந்து மூடியும் பார்த்தாளாம். அதைப் பற்றிப் பேசும்போது அவள் குரலே வேறாகிவிடும்.

அப்பாவின் தொழில் வீட்டுக்குள்ளும் தொடரும். கம்பெனி முறை என்னவென்றால், பத்துக்கு ஒன்றை எடுத்துப் பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தால் மொத்தமும் சரி. அது தப்பானால் மொத்த லாட்டும் ரிஜெக்ட், சிவப்பு சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. இதே முறையில்தான் அவர் சந்தையில் தக்காளி வாங்குவார், எங்கள் வீட்டுப் பாடத்தைப் பார்ப்பார். ஒருமுறை உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் தட்டிலிருந்து ஒரு முறுக்கைக் கடித்துப் பார்த்துவிட்டு, "இந்த லாட்டு வேணாம்" என்று தட்டையே திருப்பி அனுப்பினார். அந்தக் குடும்பத்தோடு எங்களுக்கு அதற்கப்புறம் போக்குவரத்து இல்லை.

இப்போது எண்ணுக்கு வருகிறேன்.

கம்பெனி பத்து லட்சமாவது குழாயைச் செய்து முடித்தது யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. யூனியன் இரண்டாகப் பிரிந்து, ஒரு கொடி இரண்டு கொடியாகி, வாசலில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்ற நேரம் அது. அந்தக் களேபரத்தில் பத்து லட்சத்தை எவரும் கவனிக்கவில்லை. மேனேஜருக்குத் தெரிய வந்தபோது குழாய் எண்ணிக்கை எங்கேயோ போயிருந்தது. அவர் கோயமுத்தூர்க்காரர். பம்பாயிலிருக்கும் முதலாளிக்கு என்ன சொல்வது என்று தவித்து, பார்க்க அழகான அடுத்த எண்ணைப் பிடித்தார். ஏழு ஒன்றுகள். 11,11,111. அந்தக் குழாயை ஆயுத பூஜை அன்று முதலாளி முன்னால் மேடையில் வைத்துக் காட்டுவது என்று ஏற்பாடு. அதற்காக உற்பத்தியைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தார்கள் என்றும் கேள்வி.

"ஏனுங்க இன்ஸ்பெக்டரு, நீங்க கணக்குல புலியாமா. இந்த நெம்பருக்கு ஏதாச்சும் விசேசம் இருக்குதுங்களா? மேடையில நீங்களே பேசீருங்க" என்றார் அப்பாவிடம்.

அப்பா எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் நல்ல மார்க். அந்த மார்க் ஊத்தங்கரையிலிருந்து ஓசூர் வரை அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

அன்று முதல் எங்கள் வீட்டில் அந்த எண் ஒரு விருந்தாளி மாதிரி குடியேறியது. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றுதான் என்று அண்ணன் கண்டுபிடித்தான். அவன் பத்தாம் வகுப்பு. "இத்த கண்டுபுடிக்க கண்ணு இருந்தா போதும்டா" என்று அப்பா தள்ளிவிட்டார். நான் ஏழாவது. அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கிப் பார்த்தேன். தரையில் வரி வரியாக ஒன்றுகள், ஒவ்வொரு வரியும் ஓர் இடம் தள்ளி. கூட்டினால் 1234567654321. ஒன்றிலிருந்து ஏழு வரை ஏறி, ஏழிலிருந்து ஒன்றுக்கு இறங்குகிறது! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நானே இரண்டு முறை கூட்டிச் சரி பார்த்தேன். என் வாழ்க்கையில் அதைவிட அழகான எதையும் என் கையால் செய்ததாக நினைவில்லை. பிற்பாடு போட்ட கோலங்களும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்பா குனிந்து பார்த்தார். "ஷோவா இருக்குது பாப்பா. ஆனா இதுல கருத்து இல்ல" என்றார்.

கருத்து அவருக்கே கிடைத்தது. அந்த எண்ணை இரண்டால் வகுத்தார், ஒன்று மிஞ்சியது. மூன்றால் வகுத்தார், ஒன்று மிஞ்சியது. ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, எதனால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சியது. அப்பாவின் கண்கள் விரிந்தன. பதினேழில் எட்டு மிஞ்சியது. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் வகுபடவில்லையே! ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுபடாத எண்ணைப் பள்ளியில் பகா எண் என்பார்கள். அப்பா அதற்கு வைத்த பெயர் உடையாத நம்பர்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாள் காலையில் மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டார். யூனியன் உடைந்து கிடக்கிற கம்பெனியில் உடையாத எண்! மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாராம். "பேனருக்குச் சொல்லீர்றனுங்க. நீங்க மட்டும் மேடையில இத நல்லா எடுத்து உட்டீங்கன்னா, குவார்ட்டர்ஸ் சாவி உங்க கையில இருக்குமுங்க" என்றாராம்.

அம்மா அன்று சாயங்காலம் கேசரி கிண்டினாள்.

அப்பாவுக்கு அப்புறம்தான் உதறல் எடுத்தது. பதினேழு வரைதானே பார்த்திருக்கிறார்? "எல்லாத்தையும் பாத்துடணும்" என்றார். எல்லாம் என்றால் எதுவரை? அதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது.

"ஒரு நம்பரு ரெண்டா ஒடஞ்சா, ரெண்டு துண்டுமே பெருசா இருக்க முடியாது. ஒரு துண்டாச்சும் ஆயிரத்தி அம்பத்தி நாலுக்குள்ள இருந்தே ஆவணும். அத்தத் தேடினா போதும். அதும் எல்லா நம்பரும் வேணாம், பகா எண்ணுங்க மட்டும்."

மட்டும் என்றால், நூற்றெழுபதுக்கு மேல் வகுத்தல்கள். அவருக்கு ஷிஃப்ட். எங்களுக்குக் காலாண்டு விடுமுறை. வேறென்ன, வேலை எங்கள் தலையில் விழுந்தது.

கால்குலேட்டர் என்ற ஒன்று மேனேஜரின் மேசை டிராயரில் பூட்டி இருந்தது. அதைக் கேட்டால் சந்தேகம் வந்துவிடும் என்று அப்பா கேட்கவில்லை. எங்களோடு மூன்றாவதாக எதிர்வீட்டு அக்கா சேர்ந்துகொண்டாள். கன்னடக்காரர்கள். அவளுடைய அப்பா அதே கம்பெனியில் குழாய்க்கு முலாம் பூசும் பிளேட்டிங் பிரிவில் இருந்தார். அக்கா பிளஸ் ஒன். தமிழில் பேசுவாள், கன்னடத்தில் பெருக்குவாள். "ஏளொம்பத்லி அரவத்மூரு" என்று அவள் முணுமுணுப்பது, ஏழு ஒன்பது அறுபத்து மூன்று என்று நான் கத்துவதைவிட வேகமாக முடிந்துவிடும். அதில் எனக்குப் பொறாமை.

வேலையைக் கம்பெனி மாதிரியே பிரித்தார் அப்பா. ஏ ஷிஃப்ட் அண்ணன், சின்ன எண்களிலிருந்து ஆரம்பித்துக் காலை முதல் இரண்டு மணிச் சங்கு வரை. பி ஷிஃப்ட் எதிர்வீட்டு அக்கா, சங்கிலிருந்து விளக்கு வைக்கும் வரை, அண்ணன் விட்ட இடத்திலிருந்து. நான் ஜெனரல் ஷிஃப்ட். யாருக்கும் பிடிக்காத பெரிய எண்கள் எல்லாம் எனக்கு. பின்கட்டுக் கதவில் எல்லாப் பகா எண்களையும் வரிசையாக எழுதி வைத்தோம். ஒன்றை வகுக்க எடுத்ததும் அதன் மேல் ஒரு கோடு. வகுத்தல் தரையில். வகுபடவில்லை என்று தெரிந்ததும் அதைத் துடைத்துவிட்டு அடுத்தது. அப்பா கொண்டுவந்த மஞ்சள் சாக்பீஸ் தூள் எங்கள் பாவாடையில், மூக்கில், ஒருநாள் சாம்பாரிலும்கூட. அம்மா வாளியும் துணியுமாக வருவாள். "எந்திரி, தொடைக்கணும்" என்பாள். 983ஐ நான் மூன்று முறை முதலிலிருந்து போட்டதற்கு அவளுடைய ஈரத்துணிதான் காரணம். ஆனால் அந்த நாட்களில் அவள் கோபித்துக்கொள்ளவில்லை. வாளியை எங்கே வைப்பது, பாத்திரத்தை எந்தப் பக்கம் கழுவுவது என்று குவார்ட்டர்ஸ் சமையலறையை அதற்குள் மனதில் ஒழுங்கு செய்து முடித்திருந்தாள்.

விடுமுறை முடிவதற்குள் கதவிலிருந்த எல்லா எண்களிலும் கோடு விழுந்தது. அப்பா இன்ஸ்பெக்ஷனுக்கு உட்கார்ந்தார். உங்களுக்கே தெரியும், பத்துக்கு ஒன்று. கதவில் விரலை வைத்து எண்ணி, பத்தாவதாக வந்த 29ஐ வகுத்துப் பார்த்தார், அடுத்த பத்துக்கு 71. இப்படியே போய் ஐம்பதாவதாக 229, மூன்று மிஞ்சியது. அறுபதாவதாக 281, முப்பத்தேழு மிஞ்சியது. கடைசி வரை பார்த்துவிட்டு எழுந்தார்.

"லாட்டு ஓக்கே" என்றார்.

குழாயைப் பத்துக்கு ஒன்று பார்க்கலாம். ஒரே அச்சில் வந்தவை, ஒன்று போலத்தான் மற்றதும் இருக்கும். எண்கள் ஒரே அச்சில் வந்தவை இல்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை. அவர் ஓக்கே போட்டால் அது ஓக்கேதான்.

ஆயுத பூஜை அன்று காலை. எதிர்வீட்டு அக்கா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். மடியில் கனகாம்பரம். அப்பா விடியும்போதே கம்பெனிக்குப் போய்விட்டார். குடும்பங்களை ஏற்றிப் போகக் கம்பெனி பஸ் வரும். சும்மா வாயைக் கொடுத்தேன். எனக்கு 983 உயிரை வாங்கியது என்றேன்.

"எனக்கு 241 கணே. அன்னிக்கு ஃபர்ஸ்ட் நம்பரே அதுதான். அழுகையே வந்துடுத்து" என்றாள்.

"ஃபர்ஸ்ட்டு 239 இல்லியா? அண்ணன் அதுலதான எந்திரிச்சான்?"

"அது உங்க அண்ணன் போட்டது. பாதி போட்டு வெச்சிருந்தான், நான் தொடல. அவன் லாட்ட அவன்தானே எடுக்கணும்?"

அண்ணன் வாசலில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். கேட்டோம். "நான் எதுக்கு முடிக்கணும்? சங்கு ஊதிடுச்சு. மெசின்ல இருக்கற ஜாப்ப அடுத்த ஷிஃப்ட்டு முடிக்கும்" என்றான்.

இரண்டு பேர் மேலும் தப்பில்லை, கேளுங்கள். அப்பா வேலை பார்த்த கடைசல் பிரிவில் வழக்கம் அதுதான். சங்கு ஊதினால் கையை எடுத்துவிடுவார்கள், பாதியில் நிற்கும் குழாயை அடுத்து வருபவர் முடிப்பார். பிளேட்டிங்கில் நேர் எதிர். தொட்டியில் முக்கினவன்தான் வெளியே எடுக்க வேண்டும், ஒருவன் முக்கினதை இன்னொருவன் தொட்டால் முலாம் கெட்டுவிடும். அண்ணன் எங்கள் அப்பாவின் வழக்கப்படி விட்டுவிட்டுப் போனான். அக்கா அவளுடைய அப்பாவின் வழக்கப்படி தொடாமல் விட்டாள். நடுவில் அம்மா வந்து தரையைத் துடைத்துவிட்டாள்.

"ஒரு நம்பர்தான, போவட்டும்" என்றான் அண்ணன்.

நான் பாதிப் பின்னலோடு பின்கட்டுக்கு ஓடினேன். சாக்பீஸ் துண்டு நகத்தளவு இருந்தது. 1111இல் 239 நான்கு முறை, மீதி 155. அடுத்த ஒன்றை இறக்கினால் 1551. ஆறு முறை, மீதி 117. அடுத்தது 1171. மறுபடி நான்கு முறை, மீதி 215. கடைசி ஒன்றை இறக்கினேன். 2151. பின்னால் அக்கா குனிந்து நின்று, "ஒம்பத்தொம்பத்லி எம்பத்தொந்து" என்று ஆரம்பித்தாள். ஒன்பது முறை. 2151.

இரண்டு 2151களும் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தரையில் நின்றன. கழிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"ஐயோ தேவரே" என்றாள் அக்கா.

அம்மா கல்யாணப் பட்டுப் புடவையில் வந்து நின்றாள். நான் சொன்னேன். அவளுக்கு வகுத்தல் தெரியாது, என் முகம் தெரியும். பிறகு பட்டுப் புடவையோடு குனிந்து ஈரத்துணியை எடுத்து நன்றாகத் துடைத்தாள்.

"வாயத் தொறக்கக் கூடாது. மூணு பேருக்கும்தான் சொல்றேன்" என்றாள்.

கம்பெனிக்குள் நான் போனது அன்றுதான் முதல் முறை. கடைசல் இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டும் சாமந்தி மாலையும் போட்டிருந்தார்கள், ஒவ்வொன்றும் மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டு நின்றது. வாழைக்கன்று, பூசணிக்காய், காகிதப் பையில் பொரிகடலை, எண்ணெயும் ஊதுபத்தியும் கலந்த ஒரு வாசனை. மேடைக்கு மேலே பேனர்: "பிரிக்க முடியாத எண்! பிரிக்க முடியாத குடும்பம்!" அதற்குக் கீழே ஒரு யூனியன் இடது பக்கம், இன்னொரு யூனியன் வலது பக்கம். நடுவில் ஒரு லாரி போகும் அளவுக்கு இடைவெளி. மேடையில் வெல்வெட் துணியில் முலாம் பூசிய குழாய் பளபளத்தது. பக்கத்தில் வெள்ளைச் சஃபாரியில் பம்பாய் முதலாளி. அவருக்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. மேனேஜர் காதோரம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அப்பா எங்களைத் தேடி வந்தார், தண்ணீர் கேட்டு. நாக்கு வறண்டிருந்தது. அம்மா சொம்பை ஒரு கையால் நீட்டினாள், இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

"என்னா பாப்பா, மொகம் பேயறஞ்சாப்ல இருக்குது?"

"பொரியத் தின்னு வவுத்து வலி. நீங்க போங்க, கூப்புடப் போறாங்க" என்றாள் அம்மா. பிடி இறுகியது.

சொல்லாமலே இருந்திருப்பேன், அவர் என் தலையில் கை வைக்காமல் இருந்திருந்தால்.

"பாக்கி பூஜ்யம்பா" என்றேன்.

அவருக்கு உடனே புரிந்தது. இப்படிப்பட்ட அப்பாக்களிடம் இது ஒரு வசதி. "எதுல?"

"எரநூத்தி முப்பத்தொம்பது. நாலாயிரத்தி அறநூத்தி நாப்பத்தொம்பது தடவ."

உள்ளங்கையில் விரலால் பெருக்கினார். உதடு மட்டும் அசைந்தது. முடித்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா ஒரு மாலை போட்ட இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இந்தக் கூட்டத்துல எவன் ஒக்காந்து வகுக்கப் போறான்? பேசிட்டு வாங்க. நாளைக்கி தெரிஞ்சிகிட்டதா வெச்சிக்கலாம்." பிறகு ரொம்பச் சின்னக் குரலில், "ரெண்டு குழாய்ங்க" என்றாள்.

மைக்கில் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அவர் படியேறிப் போனதை இன்றும் என்னால் பார்க்க முடிகிறது. மைக்கைப் பிடித்தார். அது கீச்சென்று கத்தியது. பேனரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்த நம்பரு ஒடையாதுன்னு நான்தான் சொன்னேன். நானே இன்ஸ்பெக்ஷன் பண்ணி ஓக்கேயும் போட்டேன்." மைக்கை இன்னும் கிட்டே இழுத்தார். "தப்பு. ஒடையுது. எரநூத்தி முப்பத்தொம்பதுல சரியா ஒடையுது, பாக்கி பூஜ்யம். நம்பரு ரிஜெக்ட்டுங்க."

பிறகு இடது பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. வலது பக்கமும் சேர்ந்துகொண்டது. இரண்டு யூனியனும் ஒன்றாகச் செய்த ஒரே காரியம் அந்த வருஷம் அதுதான். ஆள் ஆளைத் தட்டிச் சிரித்தார்கள். பிளேட்டிங்கிலிருந்து எதிர்வீட்டு அக்காவின் அப்பா எழுந்து நின்று விசிலடித்தார்.

முதலாளி என்னவென்று தெரியாமல் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் முகத்தில் வியர்வை. ஆனால் மனிதர் அசரவில்லை. இந்த எண்ணை யாராலும் பிரிக்க முடியாது, நம் கம்பெனியும் அப்படியே, அதைக் கேட்டுத்தான் தொழிலாளர்கள் மகிழ்ச்சியில் ஆர்ப்பரிக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். மைக் பக்கத்தில் இருந்ததால் என் பள்ளிக்கூட இங்கிலீஷுக்கே புரிந்தது. முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து அப்பாவின் கையைக் குலுக்கி, வெல்வெட் துணியோடு அந்தக் குழாயைத் தூக்கி அவரிடமே கொடுத்துவிட்டார்.

குவார்ட்டர்ஸ் சாவி கொடுப்பது முதலாளி இல்லை, மேனேஜர். "ஏனுங்க, உள்ளதச் சொல்றதுக்கு ஒரு நேரங்காலம் வேணாங்களா?" என்று மறுநாள் ரொம்ப மரியாதையாகவே கேட்டாராம். சாவி டைம் ஆபீஸ் குமாஸ்தாவுக்குப் போயிற்று.

லைன் வீட்டில் அடுத்த சண்டை இரண்டு அப்பாக்களுக்கும். பாதியில் நிற்கிற வேலை யாருடையது? விட்டுப்போனவனுடையதா, வந்தவனுடையதா? எங்கள் அப்பா தமிழில் கேட்டார், அவர் கன்னடத்தில் பதில் சொன்னார், நடுவில் தெலுங்கு வீட்டுக்காரர் தீர்ப்புச் சொல்ல வந்து இருவரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். மூன்று பேரும் கடைசியில் டீக்கடைக்குப் போனார்கள். தீர்ப்பு இன்று வரை இல்லை.

அம்மா அப்பாவோடு பேசவில்லை. சோறு போடுவாள், பேச மாட்டாள். என்னிடமும் அளந்துதான் பேசினாள். அந்தக் குழாய் அலமாரியில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் கிடந்தது. மாட்டச் சுவர் இல்லை, சுவருக்குள் பைப் இல்லை. அண்ணன் அதை வாயில் வைத்து ஊதிப் பார்ப்பான். பின்னால் வீடு மாறினபோது எங்கோ தொலைந்துவிட்டது.

அப்போது நான் மனதில் ஒரு தராசு வைத்திருந்தேன். அப்பா பக்கம் சத்தியம், அம்மா பக்கம் ஆசை. ஏழாவது படிக்கிற பெண்ணுக்கு உலகத்தில் எல்லாமே பாக்கி இல்லாமல் வகுபட வேண்டும். எனக்கும் கல்யாணமாகி, மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் சுமந்து, என் மணிக்கட்டும் வீங்கின பிறகுதான் உறைத்தது. அப்பா மேடையில் விட்டுக்கொடுத்தது அவருடையதை இல்லை, அம்மாவுடையதை. அவளைக் கேட்காமல் கொடுத்தார். இதை எந்தத் தராசில் வைப்பது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அப்பாவை நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது. அம்மாவை நினைத்தால் அந்த வீங்கின மணிக்கட்டுதான் முன்னால் வருகிறது.

கார்த்திகைக் குளிர் தொடங்கின ஒரு காலையில் தெருக்குழாயில் வரிசை. நான் அம்மாவோடு இரண்டாவது குடத்துக்காகப் போயிருந்தேன். கோடி வீட்டுத் தையல்காரர் மனைவி எங்களுக்கு முன்னால் நின்றாள். ஊரார் விஷயத்தில் அவளுக்கு எப்போதுமே அக்கறை அதிகம்.

"ஏன்க்கா, உங்கூட்டுக்காரரு வாய மூடிகினு எறங்கியிருந்தா இந்நேரம் வூட்டுக்குள்ளயே தண்ணி புடிப்ப. யாருக்குத் தெரியப்போவுது அந்த வகுத்தலு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மாவும் இதைத்தானே சொன்னாள், கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில். அவள் இப்போது பொங்கித் தீர்க்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

அம்மா குடத்தைக் குழாயடியில் நகர்த்தி வைத்தாள்.

"பெத்த பொண்ணுக்குத் தெரிஞ்சு போச்சே. எதுர்ல அது நின்னுகினு பாக்குது. அது மூஞ்சியப் பாத்துகினே மனுசன் எப்புடிப் பொய் சொல்லுவாரு?" என்றாள்.

தையல்காரர் மனைவி நிரம்பிய தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். குடம் நிரம்பியது. அம்மா என்னைப் பார்க்காமலே அதைத் தூக்கி என் இடுப்பில் வைத்தாள்.

"ததும்பாம போ" என்றாள்.